20 கொண்டை ஊசி வளைவில் ஏறும் பகா எண்: எந்த அடுக்கு பொருந்தும்? நிரல் ஏன் 2047-ஐப் பகா என்கிறது?

கோரிமேடு_டீச்சர் கேட்டது:

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் ஏற்காடு மலைப்பாதை செய்கிறோம். அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஓர் அட்டை. அட்டைக்கு ஒரு படியாகக் கணக்கு ஏறி, மேலே சேரும்போது "இது பகா எண்" என்பது நிரூபணமாகியிருக்க வேண்டும். 10-ஆம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்த பிள்ளைகள் கால்குலேட்டரில் தாங்களே போட்டுப் பார்க்கிற அளவு எண் வேண்டும். அதற்காக 127 மாதிரி மூன்று இலக்கத்தில் வைத்தால் வருகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும்.

2^ப − 1 வடிவத்தில் (ப ஒரு பகா எண்) தேடுகிறேன். மூன்று சந்தேகம்.

1. பைதானில் ஃபெர்மா சோதனை எழுதினேன். சோதிக்கும் எண் ந என்றால், 2-ஐ (ந − 1) அடுக்குக்கு உயர்த்தி, ந-ஆல் வகுத்து, மீதி 1 வந்தால் "பகா". ப = 3, 5, 7, 13 எல்லாம் சரி. ப = 11-க்கும் "பகா" என்கிறது. 2047 = 23 × 89 ஆச்சே? ப = 23, 29 போட்டாலும் அதே பதில்தான். நிரலை மூன்று முறை பார்த்தாயிற்று, பிழை தெரியவில்லை.

2. 20 வளைவுக்குப் பொருந்தும் ப எது?

3. உச்சியில், இன்று தெரிந்த மிகப்பெரிய பகா எண்ணை முழுதாக அச்சிட்டு அடுக்கினால் எத்தனை பக்கம் வரும்?

சூரமங்கலம்_மீதி:

நிரல் சரிதான் டீச்சர். நீங்கள் எடுத்த அடிமானம்தான் (அடுக்குக்கு உயர்த்தும் அந்த 2) சிக்கல்.

2047 = 2^11 − 1. அப்படியென்றால் 2^11 = 2048-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. ந − 1 = 2046 = 11 × 186. ஆகவே 2^2046 என்பது 2^11-ஐ 186 முறை பெருக்கியது. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. 2047 பகாவா பகுவா என்பதற்கும் இந்த 1-க்கும் சம்பந்தமே இல்லை.

11-க்கு மட்டும் நேர்ந்த தற்செயல் என்று நினைக்க வேண்டாம். ப பகா எண் என்றால் 2^ப − 2 எப்போதும் ப-ஆல் வகுபடும் (அதுவே ஃபெர்மாவின் சிறிய தேற்றம்). ந − 1 என்பது அந்த 2^ப − 2 தான். எனவே 2^ப − 1 வடிவ எண் ஒவ்வொன்றும் அடிமானம் 2-இல் தேறிவிடும். இந்தக் குடும்பத்துக்கு உங்கள் நிரல் எல்லோரையும் பாஸ் போடுகிற தேர்வு. 23-உம் 29-உம் தேறியது அதனால்தான்: 2^23 − 1 = 8388607 = 47 × 178481, 2^29 − 1 = 536870911 = 233 × 1103 × 2089.

மில்லர்–ராபினுக்கு (அடுக்கை 2-ஆல் வகுத்துக்கொண்டே போய்ப் பார்க்கும், ஃபெர்மாவை விடக் கடுமையான சோதனை) மாறினாலும் அடிமானம் 2 என்றால் இதே கதிதான். 2046 = 2 × 1023, 1023 = 11 × 93, ஆக 2^1023-க்கும் மீதி 1. அடிமானம் 2-இல் மில்லர்–ராபினை ஏமாற்றும் எண்களிலேயே மிகச் சிறியது இந்த 2047.

அடிமானத்தை 3 ஆக்குங்கள். 3^2046-ஐ 2047-ஆல் வகுத்த மீதி 1013. 1 வரவில்லை, ஆக 2047 பகு எண். இங்கே ஒரு இனாமும் கிடைக்கிறது: 1013 − 1 = 1012-க்கும் 2047-க்கும் மீ.பொ.வ. எடுத்தால் 23. காரணியே வந்து விழுகிறது. எல்லா எண்ணுக்கும் இப்படி விழாது. இங்கே 3^2046-க்கு 23-இன் மட்டில் மீதி 1, 89-இன் மட்டில் 1 இல்லை, அதனால் விழுந்தது.

3-இல் தேறினால் "அநேகமாகப் பகா" என்றுதான் அட்டையில் எழுதலாம். நிரூபணம் என்று எழுதக்கூடாது. நம் பக்கத்து ஊர் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் 1729 இதற்கு நல்ல உதாரணம். 1729 = 7 × 13 × 19. தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த அடிமானத்தைக் கொடுத்தாலும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும். கார்மைக்கேல் எண் என்பார்கள். ஆனால் மில்லர்–ராபினில் அடிமானம் 2-க்கே சிக்கிக்கொள்ளும்: 1728 = 64 × 27. 2^27-இன் மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் 1065. அதையும் வர்க்கப்படுத்தினால் 1. பகா மட்டில் 1-க்கு வர்க்கமூலம் 1, −1 தவிர வேறு கிடையாது. 1065 இரண்டும் இல்லை, ஆகவே 1729 பகு. 1064-க்கும் 1729-க்கும் மீ.பொ.வ. 133, மிச்சக் காரணி 13.

ஒண்டிக்கடை:

இரண்டாவது கேள்விக்கு: ப = 19. எண் 524287. லூக்காஸ்–லெமர் சோதனையைப் போடுங்கள், உங்கள் 20 வளைவுக்கு அளந்து தைத்த மாதிரி உட்காரும்.

விதி ஒரே வரி. 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, 524287-ஆல் வகுத்த மீதியை வை, இதையே திரும்பச் செய். (ப − 2)-ஆவது படியில் மீதி 0 வந்தால் 2^ப − 1 பகா எண், வராவிட்டால் பகு எண். ப 2-ஐ விடப் பெரிய பகா எண்ணாக இருக்கும்வரை இதில் "அநேகமாக" கிடையாது, இரண்டு பக்கமும் நிரூபணம்.

அடிவாரம்: 4
வளைவு 1: 14
2: 194
3: 37634
4: 218767
5: 510066
6: 386344
7: 323156
8: 218526
9: 504140
10: 103469
11: 417706
12: 307417
13: 382989
14: 275842
15: 85226
16: 523263
17: 0

19 − 2 = 17, அங்கே 0. நிரூபணம் முடிந்தது. மிச்சம் மூன்று வளைவை வெறுமனே விட வேண்டாம், அதே விதியில் ஏறுங்கள். 0-ஐ வர்க்கப்படுத்தி 2 கழித்தால் −2, மீதியாக எழுதினால் 524285. இது 18-ஆவது வளைவு. −2-ஐ வர்க்கப்படுத்தினால் 4, கழித்தால் 2, இது 19. 2-க்கு மறுபடி 2, இது 20. இனி எவ்வளவு ஏறினாலும் 2 தான். பாதை சமதளத்துக்கு வந்துவிட்டது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

16-ஆவது அட்டைக்கு வேறு வண்ணம் கொடுங்கள். 523263 = 524287 − 1024, அதாவது −2^10. பகா எண்ணாக இருந்தால் கடைசிக்கு முந்தைய மீதி எப்போதும் +2^((ப+1)/2) அல்லது −2^((ப+1)/2) தான். ப = 7-க்குப் போட்டுப் பாருங்கள்: 4, 14, 67, 42, 111, 0. 111 = 127 − 16 = −2^4. எனவே 0 வருவதற்கு ஒரு வளைவு முன்பே முடிவு கண்ணுக்குத் தெரியும்.

பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் தோற்கிற உதாரணமும் வேண்டும். இல்லாவிட்டால் எந்த எண்ணுக்கும் 0 வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். ப = 11, எண் 2047: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பதாவது படியில் 0 இல்லை, 1736. முடிந்தது கதை.

குகை_கணக்கன்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் 524287-க்கு இத்தனை ஏற்றம் தேவையே இல்லை. மூன்று வகுத்தலில் நிரூபிக்கலாம்.

2^ப − 1-இன் பகாக் காரணி எதுவானாலும் இரண்டு நிபந்தனைக்கு உட்பட்டாக வேண்டும். ஒன்று, அது 2கப + 1 வடிவில் இருக்கும் (க ஒரு முழு எண்). இரண்டு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. ப = 19-க்கு முதல் நிபந்தனை 38க + 1. 524287-இன் வர்க்கமூலம் 724 சொச்சம், எனவே க 1 முதல் 19 வரை போதும். இரண்டாவது நிபந்தனையில் மிஞ்சுவது 39, 153, 191, 305, 343, 457, 495, 609, 647. இதில் பகா எண்கள் 191, 457, 647 மட்டும்.

524287 ÷ 191: மீதி 183
524287 ÷ 457: மீதி 108
524287 ÷ 647: மீதி 217

எதிலும் 0 இல்லை. ஆகவே பகா. 724-க்குள் உள்ள பகா எண்கள் 128. கட்டால்டி 1588-இல் இந்த எண்ணை நிறுவியபோது இந்த இரண்டு நிபந்தனையும் கையில் இல்லை, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அடிவாரத்தில் இந்த மூன்று வகுத்தலையும் தனிப் பலகையாக வைத்தால், ஒரே முடிவுக்கு இரண்டு பாதை என்று காட்டலாம்.

2^67 − 1 = 193707721 × 761838257287 என்று கோல் 1903-இல் காட்டினார். மெர்சென் 1644-இல் கொடுத்த பட்டியலில் 67-உம் பகா என்றுதான் இருந்தது. முதல் நிபந்தனையை இங்கேயும் பார்க்கலாம்: முதல் காரணியிலிருந்து 1 கழித்து 134-ஆல் (2 × 67) வகுத்துப் பாருங்கள், 1445580 மீதியில்லாமல் வரும்.

கோரிமேடு_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றிங்க. 19 என்று முடிவு செய்து பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. நான்காவது வளைவு வரை எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. ஐந்தில் பாதிப் பேருக்கு 510066, மீதிப் பேருக்கு 510067. அதற்குமேல் அவர்களுடையது கன்னாபின்னா, 17-இல் 0 வரவேயில்லை. எங்கே தப்பு?

சூரமங்கலம்_மீதி:

510067 வந்தவர்கள் கையில் இருப்பது அறிவியல் கால்குலேட்டராக இருக்கும். 218767-இன் வர்க்கம் 47859000289, 11 இலக்கம். திரையில் 10 இலக்கத்துக்குத்தான் இடம், எனவே 4.785900029 × 10^10 என்று காட்டும். அதைத் தாளில் 47859000290 என்று எழுதியிருப்பார்கள். ஒன்று கூடிவிட்டது, மீதியும் ஒன்று கூடி 510067. அடுத்த படியில் அந்த ஒன்றும் சேர்ந்து வர்க்கமாகிறது. அதோடு எல்லாம் கலைந்துவிடும். வேறு கணக்கில் ஒன்று கூடினால் விடையும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். மீதிக் கணக்கில் "கிட்டத்தட்ட" என்பதே இல்லை.

மளிகைக் கடைக் கல்லாவில் இருக்கிற 12 இலக்க கால்குலேட்டர் போதும். இங்கே வரக்கூடிய மிகப்பெரிய வர்க்கம் 524286-உடையது, அதுவும் 12 இலக்கம்தான். அது கிடைக்காவிட்டால் எண்ணை இரண்டாக வெட்டுங்கள்: 218767 = 218 ஆயிரம் + 767. 218² = 47524, 2 × 218 × 767 = 334412, 767² = 588289. 47524000000 + 334412000 + 588289 = 47859000289. எந்தக் கால்குலேட்டரும் தாங்கும்.

இன்னொரு வழி, எண் பாதிக்கு மேல் போனால் எதிர்மறையாக மாற்றிக்கொள்வது. 510066 என்பது −14221. வர்க்கம் 202236841, ஒன்பதே இலக்கம்.

ஒவ்வொரு வளைவிலும் 9-ஐ வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 524287-இன் இலக்கக் கூட்டல் 28, அதாவது 9-இன் மட்டில் 1. எனவே (முந்தைய மீதி)² − 2-உம், ஈவு + புதிய மீதியும் 9-இன் மட்டில் சமமாக வர வேண்டும். ஐந்தாவது வளைவு: 218767 → 31 → 4; 4² − 2 = 14 → 5. ஈவு 91283 → 23 → 5. ஆக புதிய மீதி 9-ஆல் வகுபட வேண்டும். 510066-இன் கூட்டல் 18, சரி. 510067-க்கு 19, தப்பு. ஒன்பதில் எட்டுத் தப்பை இது பிடித்துவிடும். 9-இன் மடங்காகத் தவறினால் மட்டும் நழுவும், இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது அப்படிப்பட்ட தவறு.

பெரிய எண்களில் இதே கவலை கணினிக்கும் உண்டு. பல நாள் ஓடும் சோதனையில் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலே முடிவு குப்பை. லூக்காஸ்–லெமருக்கு வலுவான இடைச் சரிபார்ப்பு இல்லாததால் முன்பெல்லாம் வேறு இயந்திரத்தில் முழுதும் இன்னொரு முறை ஓட்டினார்கள். இப்போது கிம்ப்ஸ் திட்டத்தில் (2^ப − 1 வடிவப் பகா எண்களை இணையம் வழியாகப் பலர் கூடித் தேடும் திட்டம்) முதலில் அடிமானம் 3-இல் ஃபெர்மா வகைச் சோதனைதான்; அதற்கு ராபர்ட் ஜெர்பிச் 2017-இல் கொடுத்த பிழைச் சரிபார்ப்பு இருக்கிறது. அதில் தேறியதைத்தான் லூக்காஸ்–லெமருக்கு அனுப்புவார்கள்.

கொண்டலாம்பட்டி_பிட்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் போகவில்லை, நான் சொல்கிறேன். இப்போதைக்கு முதலிடம் 2^136279841 − 1. 2024 அக்டோபரில் கிம்ப்ஸ் திட்டத்தில் லூக் டூரன்ட் கண்டது. முதல் அறிகுறி டப்ளினில் இருந்த ஜிபியு (வரைகலைச் சில்லு) ஒன்றில்; சான் அன்டோனியோவில் இன்னொன்று லூக்காஸ்–லெமர் போட்டு உறுதி செய்தது. தெரிந்த மெர்சென் பகா எண்களில் (2^ப − 1 வடிவப் பகா எண்கள்) 52-ஆவது. வரிசையில் 52-ஆவது என்று பலகையில் எழுதிவிடாதீர்கள், இடையில் விட்டுப்போனது இருக்கலாம்.

இலக்கம் எண்ண: ப × மடக்கை 2, முழுப்பகுதியோடு 1. ஆனால் பள்ளி மடக்கை அட்டவணையின் 0.30103-ஐப் போட்டால் 41024320.536, அதாவது 41024321 இலக்கம் என்று தப்பாக வரும். 0.30102999566 என்று போடுங்கள்: 41024319.945, ஆக 41024320 இலக்கம். ஐந்தாம் தசமத்தோடு நிறுத்தியதால் வந்த சின்ன வித்தியாசம் பதிமூன்று கோடியால் பெருகி அரைக்கு மேல் போய்விடுகிறது. தசமப் பகுதியை இன்னும் நுணுக்கினால் 0.945318, 10^0.945318 = 8.8169. எண் 88169 என்று தொடங்கும்.

ஏ4 தாளில் வரிக்கு 100 இலக்கம், 50 வரி என்றால் பக்கத்துக்கு 5000. மொத்தம் 8205 பக்கம், இருபுறமும் அச்சிட்டால் 4103 தாள். 80 ஜிஎஸ்எம் தாள் 5 கிராம், ஆக இருபது கிலோவுக்குச் சற்று மேல். 500 தாள் கட்டு ஒன்பது வாங்க வேண்டும். தெர்மாகோல் மலை உச்சியில் இதை வைத்தால் மலை இருக்காது. கடைசிப் பக்கத்தை மட்டும் அச்சிடுங்கள் என்பது என் யோசனை.

செய்தே தீருவேன் என்றால் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். பைதானின் புதிய பதிப்புகள் 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணை எழுத்தாக மாற்ற மறுத்துப் பிழை காட்டும். 2^11213 − 1 (3376 இலக்கம்) வரை சத்தமில்லாமல் வேலை செய்யும், 2^19937 − 1-இல் (6002 இலக்கம்) நிற்கும். சிஸ் தொகுப்பில் இந்த உச்சவரம்பை மாற்றும் கட்டளைக்கு 0 கொடுத்தால் தடை நீங்கும். ஆனால் நான்கு கோடி இலக்கத்துக்குப் பைதானின் சொந்த மாற்றத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பெரிய எண்களுக்கான ஜிம்பை2 தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அடுத்தது, 41 எம்பி கோப்பை ஒரே வரியாக விட்டால் நோட்பேட் திணறும். எழுதும்போதே 100 இலக்கத்துக்கு ஒரு முறை வரி உடையுங்கள்.

கடைசிப் பக்கம் சரியா என்று பிள்ளைகள் கையால் பார்க்கலாம். 2-இன் அடுக்குகளின் கடைசி மூன்று இலக்கம் (முதல் சில போக) 100 அடுக்குக்கு ஒரு முறை திரும்ப வரும். 136279841-இன் கடைசி இரண்டு இலக்கம் 41. 2^41 = 2199023255552. ஆக நம் எண் 551 என்று முடிய வேண்டும்.

கோரிமேடு_டீச்சர்:

கடைசிப் பக்கம் மட்டும் என்றே வைத்துக்கொள்கிறோம். ஒரு பையன் ப = 31-ஐ எக்செல்லில் போட்டு, 29-ஆவது படியில் 0 வரவில்லை, 2147483647 பகு எண் என்று வாதாடுகிறான். ஆய்லரே 1772-இல் பகா என்று காட்டிய எண் என்றேன், கேட்கவில்லை.

ஒண்டிக்கடை:

அவன் விதி சரி, தாள்தான் ஏமாற்றுகிறது. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். ப = 31-இல் மீதி 10 இலக்கம் வரை போகும், வர்க்கம் 19 இலக்கம். கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் துல்லியம் இழந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. எதிர்மறையாக மாற்றும் வித்தையும் காப்பாற்றாது, அப்போதும் 19 இலக்கம் வரலாம். ப = 19-க்கு 12 இலக்கம் என்பதால்தான் அதே தாளில் ஒழுங்காக வந்தது.

பைதானில் முழு எண்ணாகவே போடச் சொல்லுங்கள். வகுத்தலும் வேண்டாம்: 2^31 − 1-ஆல் மீதி காண, எண்ணின் கீழ் 31 பிட்டையும் மேலே மிஞ்சியதையும் கூட்டினால் போதும், கூட்டல் இன்னும் பெரிதாக இருந்தால் மறுபடி ஒருமுறை. உங்கள் நான்காவது வளைவிலேயே காட்டலாம்: 1416317954 = 2701 × 524288 + 216066. 2701 + 216066 = 218767.